31 ஆயிரம் ஓடுகளை நம்பி இறங்கினார்கள்!

1981-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. காலை 7 மணி.

அமெரிக்காவில், புளோரிடா கடற்கரை ஓரத்தில் ஓர் அதிசய வாகனம் நிமிர்ந்து நின்றது. அதன் பெயர் "கொலம்பியா". பார்ப்பதற்கு அது ஆகாய விமானம் மாதிரியே இருந்தது. இறக்கை இருந்தது. வால் இருந்தது. சக்கரமும் இருந்தது. ஆனால் மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு செங்குத்தாக நின்றது!

உள்ளே இரண்டு பேர் மல்லாந்து படுத்த நிலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஜான் யங். வயது 50. ஏற்கனவே நான்கு தடவை விண்வெளிக்குப் போய் வந்தவர். சந்திரனில் நடந்தவர். மற்றவர் ராபர்ட் கிரிப்பன். வயது 43. அவருக்கு இதுதான் முதல் பயணம்.

வழக்கமாக ஒரு புதிய விண்கலம் செய்தால், முதலில் ஆள் இல்லாமல் அனுப்பிப் பார்ப்பார்கள். பத்திரமாகத் திரும்பினால்தான் ஆளை ஏற்றுவார்கள். கொலம்பியா விஷயத்தில் அப்படிச் செய்யவில்லை. முதல் பயணத்திலேயே ஆள் ஏற்றி விட்டார்கள். இரண்டு நாளைக்கு முன்பே அது கிளம்பி இருக்க வேண்டும். அன்று கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று ஒத்துப் போகவில்லை. ஆகவே புறப்பாடு நின்று போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எதுவும் தடுக்கவில்லை. நெருப்பு சீறியது. 2 ஆயிரம் டன் எடை தரையை விட்டு எழும்பியது. அந்த நேரத்தில் கிரிப்பனின் நாடி நிமிஷத்துக்கு 130 தடவை துடித்தது. யங்குக்கு 90 அளவில்தான் இருந்தது. அனுபவம் என்றால் அதுதான்!

சரியாக 20 ஆண்டுகளுக்கு முன்பு, 1961-ம் ஆண்டு இதே ஏப்ரல் 12-ந் தேதிதான் ருஷ்யாவின் யூரி ககாரின் முதல் மனிதராக விண்வெளிக்குப் போனார்.

ஒரு பஸ், ஒரே ஒரு பயணம்!

கொலம்பியாவுக்கு ஏன் இத்தனை பெயர்?

அதுவரை மனிதர்களை ஏற்றிச் சென்ற ராக்கெட்டுகள் எல்லாம் ஒரு தடவைக்குத்தான் உதவின. சந்திரனுக்குப் போன ராக்கெட்டின் உயரம் சுமார் 110 மீட்டர். பயணம் முடிந்து கடலில் வந்து விழுந்தது, ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு உள்ள ஒரு சிறு கூடு மட்டுமே. மற்றதெல்லாம் வழியிலேயே போயிற்று. அந்தக் கூட்டையும் மறுபடி பயன்படுத்தவில்லை. கண்காட்சியில் வைத்தார்கள்.

ஊரிலிருந்து பட்டணத்துக்கு ஒரு பஸ் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பயணிகள் இறங்கியதும் பஸ்ஸை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டு விடுகிறார்கள். மறுநாள் புது பஸ். டிக்கெட் என்ன விலை ஆகும்?

"போய்விட்டுத் திரும்பி வர வேண்டும். துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடியும் போக வேண்டும்." இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் "விண்வெளி ஓடம்". அந்த வகையில் விண்வெளிக்குப் போன முதல் ஓடம் கொலம்பியா.

ஓடத்தின் வயிற்றோடு ஒரு பெரிய தொட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர் திரவம். ஒரு பாகம் ஹைட்ரஜன். இன்னொரு பாகம் பிராண வாயு. வாயுவைக் கடுமையாகக் குளிர வைத்தால் தண்ணீர் மாதிரி ஆகி விடும். ஹைட்ரஜனுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி குளிர் வேண்டும்.

தொட்டியின் இரு பக்கமும் இரண்டு நீண்ட ராக்கெட்டுகள். அவற்றில் இருப்பது கெட்டியான மருந்து. நம் ஊர் வாணம் மாதிரிதான். பற்ற வைத்து விட்டால் அணைக்க முடியாது. இரண்டு நிமிஷத்தில் எரிந்து தீரும். உடனே கழன்று, பாராசூட்டில் தொங்கியபடி கடலில் விழும். கப்பல்கள் இழுத்து வரும். கழுவி, மருந்து நிரப்பி மறுபடியும் பயன்படுத்துவார்கள்.

எட்டரை நிமிஷத்தில் தொட்டி காலி! அதையும் கழற்றி விடுவார்கள். அது எரிந்து சிதறி விடும். திரும்பக் கிடைக்காதது அது ஒன்றுதான். முதல் இரண்டு பயணங்களில் அந்தத் தொட்டிக்கு வெள்ளை வர்ணம் பூசினார்கள். பிறகு பூசவில்லை. எரிந்து போகும் பொருளுக்கு வர்ணம் எதற்கு? பூசாமல் விட்டதில் சுமார் 270 கிலோ எடை மிச்சம்!

விழுந்துகொண்டே இருக்கிறார்கள்

விண்வெளியில் மனிதர்கள் மிதக்கிறார்களே, அங்கே பூமியின் இழுப்பு இல்லையா?

இருக்கிறது! கொலம்பியா பறந்த சுமார் 250 கிலோ மீட்டர் உயரத்தில், தரையில் உள்ள இழுப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இருக்கிறது. பிறகு ஏன் மிதக்கிறார்கள்?

கிணற்றில் வாளியை இறக்குகிறீர்கள். வாளிக்குள் ஓர் எலுமிச்சம் பழம். கயிறு அறுந்து விடுகிறது. வாளியும் விழுகிறது. பழமும் விழுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் விழுவதால், பழம் வாளியின் அடியை அழுத்தாது. வாளிக்குள் மிதப்பது போல இருக்கும். விண்கலம்தான் வாளி. மனிதர்தான் பழம்.

அப்படியானால் விண்கலம் ஏன் தரையில் வந்து விழவில்லை? அது பக்கவாட்டில் பயங்கர வேகத்தில் ஓடுகிறது. விநாடிக்கு ஏறக்குறைய 8 கிலோ மீட்டர்! அது கீழே விழ விழ, உருண்டையான பூமியும் அதற்கு அடியில் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. எனவே விழுந்துகொண்டே இருக்கிறது. தரையைத் தொடுவதே இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றி விடும். ஒரு நாளில் 16 தடவை சூரியன் உதிக்கும்!

மூச்சு விடுவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. வீட்டில் நாம் விடும் மூச்சு சூடானது. அது மேலே போய் விடும். புதுக் காற்று வரும். எடையற்ற இடத்தில் சூடான காற்று மேலே போகாது. ஏனென்றால், அங்கே மேல், கீழ் என்பதே இல்லை! தூங்குகிறவர் விட்ட கெட்ட காற்று அவர் முகத்தைச் சுற்றியே நின்று விடும். ஆகவே இரவும் பகலும் மின்சார விசிறி ஓட வேண்டும். ஓடத்தில் அந்தக் காற்றை ரசாயனப் பொடி நிரம்பிய டப்பாக்கள் வழியாகச் செலுத்திச் சுத்தம் செய்தார்கள்.

தண்ணீர்? ஹைட்ரஜனையும் பிராண வாயுவையும் சேர்த்து அங்கே மின்சாரம் தயாரிப்பார்கள். அப்போது தண்ணீரும் உண்டாகும். அதையே குடித்தார்கள்.

பல மாதம் தங்கினால் எலும்பு தேயும், தசை இளைக்கும். சுமை தாங்காத கால் சோம்பேறி ஆகி விடுகிறது. அதனால் விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் தினமும் இரண்டு மணி நேரம் தேகப் பயிற்சி செய்கிறார்கள்.

ஓடுகளைக் காணோம்!

கொலம்பியா மேலே போய்ச் சேர்ந்ததும், சாமான் வைக்கும் அறையின் பெரிய கதவுகளை யங்கும் கிரிப்பனும் திறந்தார்கள். ஜன்னல் வழியாக வால் பக்கத்தைப் பார்த்தார்கள். அங்கே கறுப்புத் திட்டுகள் தெரிந்தன. ஒட்டி வைத்த ஓடுகள் சில பெயர்ந்து போயிருந்தன!

இந்த ஓடுகள்தான் ஓடத்தின் உயிர். திரும்பும்போது ஓடம் ஒலியைப் போல 25 மடங்கு வேகத்தில் காற்றுக்குள் நுழைகிறது. முன்னால் உள்ள காற்று விலக நேரம் இல்லாமல் நசுங்கிக் கொதிக்கிறது. ஓடத்தின் மூக்கிலும் இறக்கையின் முன் விளிம்பிலும் 1,600 டிகிரிக்கு மேல் உஷ்ணம் ஏறும். இரும்பே உருகி விடும்! ஓடத்தின் உடம்போ வெறும் அலுமினியம். 175 டிகிரிக்கு மேல் அதைச் சூடாக விடக் கூடாது.

அதற்காகத்தான் ஏறத்தாழ 31 ஆயிரம் ஓடுகள். மணலில் உள்ள சிலிக்காவை நூலாக்கி, அதைக் கட்டியாக்கிச் செய்தவை. கட்டியில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் காற்று. ஆகவே சூடு உள்ளே போகாது. உலையில் காய்ச்சிச் செந்தணலாக இருக்கும்போதே அதன் ஓரங்களை வெறும் விரலால் பிடிக்கலாம்! மூக்குக்கும் இறக்கை விளிம்புக்கும் மட்டும், இன்னும் அதிகச் சூடு தாங்கும் கரிப்பொருளால் ஆன கவசம்.

ஓடு நல்ல ஓடுதான். ஒட்டுவதுதான் பெரும்பாடு. உடம்பின் வளைவுக்குத் தகுந்தபடி ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செதுக்கி, நம்பர் போட்டு, கையால் ஒட்டினார்கள். 1979-ம் ஆண்டு கொலம்பியாவை ஒரு பெரிய விமானத்தின் முதுகில் ஏற்றி, கலிபோர்னியாவில் இருந்து புளோரிடாவுக்குக் கொண்டு வந்தார்கள். அந்தச் சாதாரணப் பயணத்தையே சில ஓடுகள் தாங்கவில்லை. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் இழுத்துப் பார்ப்பதும் மறுபடி ஒட்டுவதுமாகக் கழிந்தன.

ஓட்டு வீட்டில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், ஒரே ஓர் ஓடு நழுவினால் என்ன ஆகும் என்று. மழைக்குப் பாத்திரம் வைத்துச் சமாளிக்கலாம். நெருப்புக்கு என்ன வைப்பது?

வால் பக்கத்தில் அவ்வளவு சூடு ஏறாது. ஆகவே அந்த ஓடுகள் போனதால் ஆபத்து இல்லை என்று தரையில் இருந்த நிபுணர்கள் சொன்னார்கள். ஆனால் வயிற்றுப் பக்கத்தில்? உள்ளே இருந்த இருவரும் அதைப் பார்க்க வழி இல்லை.

என்ஜின் இல்லாத விமானம்

ஏப்ரல் 14-ந் தேதி. 36 சுற்று முடிந்து விட்டது.

இந்து மகாசமுத்திரத்துக்கு மேலே ஓடத்தைத் திருப்பி, பின்பக்கமாகப் போக விட்டு, சிறிய என்ஜின்களைக் கொளுத்தினார்கள். வேகம் மணிக்குச் சுமார் 300 கிலோ மீட்டர்தான் குறைந்தது. 28 ஆயிரத்தில் 300 எம்மாத்திரம்? ஆனால் அதுவே போதும். ஓடம் பூமியை நோக்கிச் சரிந்தது.

மூக்கைத் தூக்கி, வயிற்றைக் காட்டிக்கொண்டு காற்றில் நுழைந்தது. ஜன்னலுக்கு வெளியே செந்நிற ஒளி. சுற்றிலும் நெருப்புப் போர்வை. அந்தப் போர்வையை ரேடியோ அலைகள் தாண்ட முடியாது. கால் மணி நேரம் போலப் பேச்சே இல்லை. தரையில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள்.

பிறகு குரல் கேட்டது. கலிபோர்னியா கடற்கரையைக் கண்டதும் கிரிப்பன் குதூகலத்தோடு கூவினார்: "கலிபோர்னியாவுக்கு வர என்ன அருமையான வழி!"

ஆபத்து இன்னும் தீரவில்லை. இறங்கும்போது ஓடத்துக்கு என்ஜின் கிடையாது. கல் மாதிரி கனமான வெறும் சறுக்கு விமானம் அது. தரை தவறினால், மேலே எழும்பி இன்னொரு தடவை முயல முடியாது. ஒரே ஒரு வாய்ப்பு!

யங் தவறவில்லை. எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில், வறண்ட ஏரியின் கெட்டித் தரையில் சக்கரங்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு உருண்டன. ஓடம் நின்றது. சில ஓடுகள் கெட்டிருந்தன. வயிற்றுப்பக்கம் தாக்குப் பிடித்து விட்டது. எப்போதும் அமைதியாக இருக்கும் யங், அன்று படியில் துள்ளி இறங்கினார். ஓடத்தின் அடியில் போய் ஓடுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார்!

அதே ஆண்டு நவம்பர் 12-ந் தேதி கொலம்பியா மறுபடியும் விண்வெளிக்குப் போயிற்று. மனிதரை ஏற்றிப் பூமியைச் சுற்றி வந்த ஒரு கலம், இரண்டாவது தடவையும் மனிதரோடு போனது அதுவே முதல் முறை.

முக்கால் கிலோ நுரை

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கிளப்பலாம், செலவு மிகவும் குறையும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு பொய்த்தது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஒவ்வோர் ஓட்டையும் சோதிக்க வேண்டும். என்ஜினைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மாதங்கள் ஓடின. மிக அதிகமாகப் பறந்த 1985-ம் ஆண்டிலேயே எல்லா ஓடங்களும் சேர்ந்து 9 தடவைதான் போயின.

1986-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி "சேலஞ்சர்" ஓடம், கிளம்பிய 73 விநாடியில் சிதறியது. பக்கவாட்டு ராக்கெட்டின் ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப் போனதால் நெருப்பு கசிந்து விட்டது. 7 பேர் மாண்டார்கள்.

கொலம்பியாவுக்கும் ஒரு நாள் வந்தது. 2003-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி அது 28-வது தடவையாகப் புறப்பட்டது. 82-வது விநாடியில், தொட்டியின் மேல் இருந்த நுரைப் பொருளில் ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையின் முன் விளிம்பில் மோதியது. துண்டின் எடை முக்கால் கிலோ அளவுதான். இறக்கையைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று என்ஜினீயர்கள் சிலர் கேட்டார்கள். படம் எடுக்கப்படவில்லை. பிப்ரவரி 1-ந் தேதி திரும்பி வரும்போது, அந்த இடத்தில் இருந்த ஓட்டை வழியாக நெருப்புக் காற்று இறக்கைக்குள் புகுந்தது. தரையில் இறங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது, டெக்சாஸ் மாநிலத்துக்கு மேலே ஓடம் உடைந்தது. 7 பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர், அரியானாவின் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லா.

அதன் பிறகு, விண்வெளி நிலையத்துக்குப் போன ஒவ்வோர் ஓடமும் நிலையத்துக்கு அருகே சென்றதும் ஒரு குட்டிக்கரணம் போட்டது. நிலையத்தில் இருப்பவர்கள் வயிற்றுப் பக்கத்தைப் படம் பிடித்துத் தரைக்கு அனுப்பினார்கள். கேட்டபோது கிடைக்காத படம், பிறகு கட்டாயம் ஆயிற்று!

2011-ம் ஆண்டு ஜூலையில் ஓடங்களுக்கு ஓய்வு கொடுத்தார்கள். மொத்தம் 135 பயணங்கள்.

கணவர் உட்கார்ந்த ஆசனம்

இப்போது வேறு வழியில் அதே காரியம் நடக்கிறது. "ஸ்பேஸ் எக்ஸ்" என்ற அமெரிக்கக் கம்பெனியின் "பால்கன்" ராக்கெட்டுக்கு இறக்கை இல்லை. அதன் அடிப்பாகம் வேலை முடிந்ததும் கழன்று, மீதி வைத்த எரிபொருளை எரித்து வேகத்தைக் குறைக்கிறது. நான்கு கால்களை விரித்து, தரையிலோ கடலில் மிதக்கும் மேடையிலோ நேராக வந்து நிற்கிறது! 2015-ம் ஆண்டு டிசம்பரில் முதன் முதலாக இப்படி நின்றது. 2025-ம் ஆண்டில் ஒரே ராக்கெட் 30-வது தடவையாகப் பறந்தது. மேல் பாகத்தை மட்டும் இன்னும் மீட்பது இல்லை.

மனிதர்கள் உட்காரும் கலம் "டிராகன்". அது கூம்பு வடிவக் கூடு. பாராசூட்டில் கடலில் இறங்குகிறது. வெப்பக் கவசம் கருகிக் கருகிச் சூட்டை எடுத்துப் போகும். அடுத்த பயணத்துக்கு வேறு கவசம் பொருத்துகிறார்கள்.

2020-ம் ஆண்டு மே 30-ந் தேதி முதன் முதலாக டிராகனில் மனிதர்கள் இருவர் போனார்கள். ஒருவர் டக் ஹர்லி. கடைசி விண்வெளி ஓடத்தை ஓட்டியவர்களில் ஒருவர். மற்றவர் பாப் பென்கன். அந்தக் கலம் திரும்பி வந்து, துடைக்கப்பட்டு, 2021-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி மறுபடியும் கிளம்பியது. இந்தத் தடவை அதில் போன நால்வரில் மேகன் மெக்கார்தர் என்ற பெண்மணியும் ஒருவர். அவர் பாப் பென்கனின் மனைவி. முந்தின ஆண்டு கணவர் உட்கார்ந்து போன அதே ஆசனத்தில் உட்கார்ந்து அவர் விண்வெளிக்குப் போனார்.