சுட்டிக் கோளாறு சரியாகிவிட்டதா? சோதித்துச் சொல்லுங்கள்

கிரிட்டா போன்ற இலவச வரைகலை மென்பொருளில், சுட்டிப் பொத்தானை விட்ட பிறகும் கோடு இழுபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். திருத்திய பதிப்பு வந்ததும் ஒருமுறை வரைந்து பார்த்து, "சரியாயிடுச்சு" என்று சொல்லிவிடாதீர்கள்.

முதலில் பழைய பதிப்பில் கோளாறை வரவழையுங்கள். எந்தப் படிகளில் வருகிறது என எழுதி வையுங்கள். பிறகு அதே கணினி, அதே சுட்டி, அதே படிகள். மாறுவது பதிப்பு மட்டும். மாணவர்களே, அறிவியலில் படித்த தற்சார்பு மாறி இதுதான்! பழையதில் பத்துக்கு மூன்று முறை வந்ததென்றால், புதியதில் முப்பது முறையாவது பாருங்கள்.

வலப்பொத்தான், உருளை ஆகியவற்றையும் சோதியுங்கள். ஒன்றைத் திருத்தப்போய் இன்னொன்று கெடுவதுண்டு. முடிவைப் பதிப்பு எண், இயங்குதளத்தோடு தெரிவியுங்கள். அவசரப்பட்டுச் "சரி" என்றால், கோளாறு அப்படியே இருக்கும். அடுத்தவர் வரைந்த படம்தான் பாழாகும்.