ரவிக்கைக்கு லைனிங்: வெட்டுமுன் நனையுங்கள்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பட்டுச் சேலை எடுக்கும்போது கண்ணும் காசும் சேலையிலேயே நின்றுவிடும். ரவிக்கைக்கு உள்ளே வைக்கும் லைனிங்கைக் கடைசியில், கைக்குக் கிடைத்ததாக வாங்கி வருகிறோம். ஆனால் அந்த ரவிக்கை எத்தனை தீபாவளிக்குத் தாங்கும் என்பது அந்த உள்துணியின் கையில்தான் இருக்கிறது.

பட்டு நூல் வழவழப்பானது. உடம்போடு ஒட்டித் தைத்த ரவிக்கையில், கையைத் தூக்கும்போதெல்லாம் அக்குளிலும் முதுகிலும் தையல் இழுபடும். தையல் பிரியாது; அதன் ஓரத்தில் பட்டு இழைகள் விலகி, சல்லடை போலத் தெரியத் தொடங்கும். விலகிய இழையைத் திரும்பச் சேர்க்க வழியில்லை. லைனிங் வைத்தால் அந்த இழுப்பை அது வாங்கிக்கொள்ளும். சரிகையின் பின்புறம் உடம்பில் குத்தாது, வேர்வையும் நேராகப் பட்டில் இறங்காது.

நம் ஊர்ப் புழுக்கத்துக்கு மெல்லிய பருத்திதான் சரி. பாலியெஸ்டர் வேர்வையை உறிஞ்சாது. மலாய்க் கடைகளில் ‘காயின் லாப்பிக்’ என்றால் பாஜு குரோங், கெபாயாவுக்கு வைக்கும் உள்துணியைக் காட்டுவார்கள். அதில் பருத்தி எது என்று கேட்டு வாங்குங்கள். 1 மீட்டர் போதும். சேலையைக் கையோடு கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் நிறம் பாருங்கள். கடை விளக்கு ஏமாற்றும்.

இனிதான் முக்கியமான வேலை. பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். 36 அங்குல மார்பளவில் நூற்றுக்கு 4 பங்கு சுருங்கினாலே ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் போய்விடும். நான் முதன்முதலில் தைத்த பச்சைப் பட்டு ரவிக்கையில் லைனிங்கை நனைக்காமலே வெட்டிவிட்டேன். ஒரே அலசலில் உள்துணி சுருங்கி, மேல்பட்டு தையலோரமெல்லாம் கொசகொசவென்று உப்பி நின்றது. எவ்வளவு தேய்த்தும் படியவில்லை. அதனால் லைனிங்கை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் உலர்த்தி, தேய்த்த பிறகே கத்தரியைத் தொடுங்கள். அடர்ந்த நிறமாக இருந்தால் ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால், தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும்.

அளவு சரியாக உள்ள பழைய ரவிக்கையை வைத்து லைனிங்கை முதலில் வெட்டுங்கள். அதைப் பட்டின் உள்பக்கத்தில், இரண்டின் நேர் இழையும் ஒரே திசையில் ஓடும்படி பரப்புங்கள். குண்டூசித் துளை பட்டில் நிலைத்துவிடும். ஆகவே தையலுக்கு விட்ட ஓரத்தில் மட்டும் குத்துங்கள். ஓரம் முழுக்கக் கையால் ஓட்டுத் தையல் போட்டு இரண்டையும் ஒரே துணியாக்குங்கள். டாட் விழும் இடத்தின் நடுவிலும் ஒரு வரி ஓட்டினால் டாட் பிடிக்கும்போது பட்டு நழுவாது. மிஷினில் 11-ஆம் எண் ஊசி போடுங்கள். தடித்த ஊசி பட்டை இழுத்துவிடும். பக்கவாட்டில் ஒன்றரை அங்குலம் துணி உள்ளே விடுங்கள். உடம்பு போட்டால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம்.

மிஞ்சிய பருத்தித் துண்டுகளை எறியாதீர்கள். சதுரமாக வெட்டி இணைத்தால் குழந்தைக்கு ஓர் ஒட்டுத்துணிப் போர்வையின் மேல்பக்கம் ஆகிவிடும். இந்த வெயிலுக்கு நடுவில் பஞ்சு வேண்டாம். வங்காளத்துப் பெண்கள் காந்தாவுக்குப் பழைய சேலைகளை அடுக்கித் தைப்பதைப் போல, துவைத்துத் துவைத்து மெத்தென்றான நூல் சேலையை இரண்டாக மடித்து அடியில் வைத்தால் போதும். இங்கேயும் புதுத் துண்டுகளை நனைத்து உலர்த்திய பிறகே இணையுங்கள். மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி ஓட்டுத் தையல் போட்டு வந்தால், சுருக்கமெல்லாம் வெளியே தள்ளப்பட்டு ஓரத்தில் நீவி விடும் அளவுக்கே மிஞ்சும்.