குற்றாலச் சீமையில் கல்விப் பெயர்கள்

குற்றாலநாதருடன் கோயில் கொண்டிருக்கும் அம்மனின் பெயர் குழல்வாய்மொழி. குழலோசை போல இனிக்கும் சொல்லை உடையவள் என்று பொருள். வடமொழியில் வேணுவாக்குவாதினி என்பார்கள். தென்காசி வட்டாரத்தில் ஆண் பிள்ளைக்குக் குற்றாலிங்கம் என்றும் (பேச்சில் அது குத்தாலிங்கம்) பெண் பிள்ளைக்குக் குழல்வாய்மொழி என்றும் வைப்பது பழைய வழக்கம். மேலோட்டமாகப் பார்த்தால் இந்தப் பெண்பெயர் குரலின் இனிமையைச் சொல்கிறதே தவிர, கல்வியைச் சொல்லவில்லை என்று தோன்றும். கல்வியோடு தொடர்புடைய பழைய பெயர்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உறவு புலப்படும். அவற்றில் பெரும்பாலானவை வாய், நா, சொல் ஆகியவற்றைச் சுற்றியே வருகின்றன. ஏடும் எழுத்தாணியும் பெயருக்குள் நுழைந்தது அரிது.

மருள்நீக்கியார் என்ற பெயரோடு பிறந்தவர் நாவுக்கரசர் ஆனார். அதையே வடமொழியில் வாகீசர் என்றார்கள். திருவாதவூரருக்கு நிலைத்த பெயர் மாணிக்கவாசகர், அதாவது மாணிக்கம் போன்ற வாசகங்களைச் சொன்னவர். கலைமகளின் பெயர்களும் இப்படித்தான். வாணி, பாரதி என்ற இரண்டுக்கும் சொல் என்றே பொருள். நாமகள் என்பது நாவில் உறைபவள். சரஸ்வதி மட்டும் முதலில் ஓர் ஆற்றின் பெயர், நீர் நிறைந்தவள் என்ற பொருளில். சொல்லும் கலையும் அவளுக்குரியவை ஆனது பிறகு. ஓலையில் எழுதிய நூல் எல்லார் கைக்கும் கிடைக்காத காலத்தில் படிப்பு என்பது காதால் கேட்டு, வாயால் சொல்லி, நெஞ்சில் நிறுத்துவதாக இருந்தது. திருக்குறள் கல்விக்கும் கேள்விக்கும் தனித்தனி அதிகாரம் ஒதுக்கியிருக்கிறது. பெயர்கள் பெரும்பாலும் கேள்வியின் பக்கம் நின்றுவிட்டன.

குற்றாலத்தின் மீதும் அங்குள்ள குறும்பலாவின் மீதும் பதிகம் பாடிய சம்பந்தர் இதில் சற்று விலகி நிற்கிறார். ஞானசம்பந்தன் என்றால் ஞானத்தோடு தொடர்பு கொண்டவன். சீர்காழிக் குளக்கரையில் அம்மை ஊட்டிய ஞானப்பாலைக் குழந்தை உண்ட கதையிலிருந்து வந்த பெயர் இது. படித்துப் பெற்ற அறிவைவிட, அருளால் கிடைத்த அறிவுக்கே இதில் ஏற்றம். சைவக் குடும்பங்களில் ஞானசம்பந்தம், சம்பந்தம் என்று இன்றும் வழங்குகிறது.

அடுத்த வகை, கற்பிப்பவரைக் குறிக்கும் பெயர்கள். அவற்றுள் இந்த வட்டாரத்துக்கு நெருக்கமான பெயர் சாஸ்தா. பங்குனி உத்திரத்தன்று குடும்பத்தோடு தத்தம் சாஸ்தா கோயிலுக்குப் போவது நெல்லை, தென்காசி மக்களின் வழக்கம். செங்கோட்டையைத் தாண்டினால் ஆரியங்காவு, அதற்கு அப்பால் அச்சன்கோவில், குளத்துப்புழை என மலையோரம் நெடுகச் சாஸ்தா கோயில்கள். காவல் தெய்வமாகவே இவரை மக்கள் கும்பிடுகிறார்கள். சொல்லின் வேரோ கற்பித்தல், ஆணையிடுதல் என்னும் பொருளுடைய வடமொழி வினை. சாஸ்திரம் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். அமரகோசம் என்னும் வடமொழி நிகண்டு புத்தரின் பெயர்களுள் ஒன்றாகச் சாஸ்தாவைச் சொல்கிறது. பழந்தமிழில் காணும் சாத்தன் என்ற பெயரை இதன் தமிழ் வடிவமாகக் கொள்வோர் உண்டு. வணிகக் கூட்டத்தைக் குறிக்கும் ‘சாத்து’ என்ற சொல்லோடு அதை இணைப்போரும் உண்டு. மணிமேகலையைப் பாடிய சீத்தலைச் சாத்தனார் கூலவாணிகர் என்பதால் இரண்டாவது கருத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

தந்தைக்கே பிரணவப் பொருளை உபதேசித்த முருகனின் பெயர் சுவாமிநாதன். பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சா.வும் அந்தப் பெயரால் அறியப்பட்டவர்; ஆனால் அவருக்கு இட்ட பெயர் வேங்கடராமன். 1871இல் தம்மிடம் பாடம் கேட்க வந்த அவரை, வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்ற பெயராலேயே அழைக்க விரும்பினார் அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. ஆசிரியர் தேர்ந்த பெயரே உலகம் அறிந்த பெயராயிற்று. உ.வே.சா.வை ஆதரித்த திருவாவடுதுறை ஆதீனத் தலைவர், குற்றாலத்துக்கு அருகிலுள்ள மேலகரத்தைச் சேர்ந்த சுப்பிரமணிய தேசிகர். தேசிகர் என்றாலும் ஆசிரியரே. பேசாமலே பாடம் சொன்னவர் ஒருவரும் இருக்கிறார்: கல்லாலின் கீழ் அமர்ந்த தட்சிணாமூர்த்தி. வாயையே போற்றும் பெயர்களுக்கு நடுவே மௌனத்தின் பெயராக அது நிற்கிறது.

புலமைக்குக் கிடைத்த பட்டங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டதும் உண்டு. குற்றாலக் குறவஞ்சி பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் பெயரில் திரிகூடம் என்பது மூன்று சிகரங்களையுடைய குற்றால மலை. கவிராயர் என்பது புலமைப் பட்டம். எட்டயபுரத்தில் சுப்பிரமணியன் என்ற சிறுவனுக்குக் கிடைத்த பாரதி என்ற பட்டமோ இயற்பெயரையே பின்னுக்குத் தள்ளிவிட்டது. புதுச்சேரியை விட்டு வந்த பாரதி 1918 முதல் 1920 வரை தென்காசியை அடுத்த கடையத்தில், மனைவி செல்லம்மாவின் ஊரில் வாழ்ந்தார். அவருக்குப் பின் பாரதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான இயற்பெயராகிவிட்டது. ஒரு பெண் தெய்வத்தின் பெயர் இத்தனை ஆண்களுக்கு அமைந்ததில் பெரும்பங்கு அவருடையது.

வேதம், ஞானம் என்ற இரு சொற்கள் மதம் மாறும்போது பொருளும் மாறும். வேதவல்லி என்ற இந்துப் பெயரில் இருப்பது நான்மறை. நெல்லைச் சீமையில் கிறிஸ்தவர்களின் வேதம் விவிலியம்; தேவாலயம் ஊரார் வாயில் வேதக்கோயில். வேதமுத்து, வேதமாணிக்கம், ஞானமுத்து, ஞானதுரை ஆகியவை அந்த வழியில் வந்தவை. திருநெல்வேலியில் 1774இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் பெயரே இதற்கு நல்ல சான்று: வேதமும் சாஸ்திரமும் சேர்ந்த பெயரில் ஒரு கிறிஸ்தவக் கவிஞர். 1916 அளவில் தனித்தமிழை வலியுறுத்திய அறிஞர் வேதாசலம் தம் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டபோது வேதம் தமிழில் மறையானது, அசலம் மலையானது. அந்தத் தனித்தமிழ் அலையின் நீட்சியாகவே அறிவழகன், கலைச்செல்வி போன்ற பெயர்கள் பரவின. அறிவைப் பெயரில் சூடுவது புதிதல்ல. சங்ககாலத்திலேயே பாண்டியன் அறிவுடைநம்பி இருந்திருக்கிறான்.

தென்காசி, கடையநல்லூர், பொட்டல்புதூர் முஸ்லிம் குடும்பங்களின் பெயர்களில் இதே கருத்து அரபு வழியாக வருகிறது. இல்ம் என்றால் அறிவு. அதே வேரில் வந்த ஆலிம், மார்க்கம் கற்றவர். ஊரார் அவரை ஆலிம்சா என்பார்கள். ஆனால் எல்லாம் அறிந்தவன் என்னும் அலீமும், ஞானமுடையவன் என்னும் ஹக்கீமும் இறைவனின் திருநாமங்கள். அதனால்தான் அவற்றுக்கு முன்னே அடியான் என்னும் பொருளுடைய சொல்லைச் சேர்த்து அப்துல் அலீம், அப்துல் ஹக்கீம் என்று பிள்ளைக்கு வைக்கிறார்கள்.