முறுக்குக் கம்பியும் கற்காரைப் பிடிப்பும்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் பெய்யும். அருவியில் நீராட வந்து விடுதிகளில் தங்குவோர், சுவரை விட்டு வெளியே நீண்டிருக்கும் முன்மாடத்தில் கூடி நின்று மலையைப் பார்ப்பர். அம்மாடத்தின் கீழே தூண் இல்லை. நிற்போரின் எடையால் அதன் தளத்தின் மேற்பகுதி இழுபடுகிறது. கற்காரை எனப்படும் கான்கிரீட்டுக்கு அழுத்தத்தைத் தாங்கும் ஆற்றல் மிகுதி. இழுவிசையைத் தாங்கும் ஆற்றலோ மிகக் குறைவு. ஆதலால் தளத்தின் மேற்புறத்தில் எஃகுக் கம்பிகள் புதைக்கப்படுகின்றன. கம்பி எவ்வளவு வலியதாயினும், கற்காரையிலிருந்து அது நழுவினால் மாடம் நில்லாது.

வழவழப்பான உருண்டைக் கம்பியை முதலில் பற்றியிருப்பது சிமெண்டின் ஒட்டுதல். கம்பி சிறிது நழுவியதும் அவ்வொட்டுதல் அறுந்துவிடும். எஞ்சுவது உராய்வு மட்டுமே. இழுபடும் கம்பி நுண்ணளவு மெலிவதால் அவ்வுராய்வும் தளரும். பழைய கட்டடங்களில் கம்பியின் நுனியைக் கொக்கிபோல் வளைத்தது இதனால்தான்.

வரிகள் புடைத்த கம்பியின் நிலை வேறு. திருகாணியின் புரிகள் மரத்தைப் பற்றுவதுபோல, ஒவ்வொரு வரியும் தன் முன்னுள்ள கற்காரையில் முட்டி நிற்கிறது. இத்தகைய கம்பிக்கு வழவழப்பான கம்பியைவிட 60 விழுக்காடு கூடுதல் பிடிப்பைக் கணக்கிட இந்தியத் தர விதி 456 இடமளிக்கிறது. எம் 20 வகைக் கற்காரையில், 12 மி.மீ. விட்டமுள்ள 500 தர வரிக்கம்பி தன் முழு வலிமையுடன் உழைக்க ஏறத்தாழ 680 மி.மீ. நீளம் புதைந்திருக்க வேண்டும். அதே வலிமையுடைய கம்பி வழவழப்பாக இருப்பின் ஏறத்தாழ 1,090 மி.மீ. தேவைப்படும். முன்மாடத்தைப் பொறுத்தவரை, இந்நீளம் சுவருக்கு உட்புறம் அமைதல் வேண்டும். வெளியே தொங்கும் பகுதி இக்கணக்கில் சேராது.

வரி உயர உயர நன்று எனக் கருதலாகாது. வரிகள் கற்காரையை வெளிநோக்கியும் தள்ளுகின்றன. கம்பியைச் சூழ்ந்த கற்காரை மெல்லியதாயின், கம்பியின் நெடுக்கே பிளவு தோன்றும்.

1884-இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ரான்சம் என்பவர் முறுக்கிய சதுரக் கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். குளிர்நிலையில் முறுக்கிய கம்பிகள் இந்தியாவிலும் பல்லாண்டு வழக்கில் இருந்தன. இன்று தென்காசிக் கடைகளில் விற்கப்படும் டி.எம்.டி. கம்பியோ, உருளைகளுக்கிடையே வரி பதிக்கப்பட்டு, நீரால் விரைந்து குளிர்விக்கப்படுவது, முறுக்கப்படுவதில்லை. ஆயினும் கொத்தனார்கள் பலர் அதனையும் ‘முறுக்குக் கம்பி’ என்றே வழங்குகின்றனர். முறுக்கு போயும் பெயர் நிற்கிறது.

சாரல் காலத்தில் வெளியே கிடக்கும் கம்பியில் துரு படிவது இயல்பு. மெல்லிய, உதிராத துரு பிடிப்பைக் கெடுப்பதில்லை. செதிலாக உதிரும் துருவையும், அச்சுப் பலகைக்குப் பூசும்போது கம்பியில் பட்ட எண்ணெயையும் முற்றிலும் நீக்கிய பின்னரே கற்காரை இடுதல் வேண்டும்.