'செக்' என்ற சொல்லின் கதை

ஆங்கில அகராதியில் 'செக்' என்ற சொல்லைத் தேடும் மாணவர்கள் மலைத்துப் போவதுண்டு. தடுத்தல், சரிபார்த்தல், கட்டம் போட்ட துணி, வங்கிக் காசோலை! இவற்றைத் தனித்தனியே உருப்போடுவது வீண் வேலை என்பதே எமது கருத்து. யாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அவ்வீடு சதுரங்கப் பலகை. இந்தியாவிற் பிறந்த இவ்விளையாட்டு பாரசீகம் சென்றபின், எதிரியின் அரசனைத் தாக்குமிடத்து 'ஷா' என எச்சரிப்பது வழக்கமாயிற்று. ஷா என்றால் அரசன். அராபியர் வாயிலும் பிரெஞ்சுக்காரர் வாயிலும் புகுந்து உருமாறிய அச்சொல்லே ஆங்கிலத்தில் 'செக்' ஆயிற்று. 'செக்மேட்' என்பதும் 'ஷா மாத்' என்பதன் திரிபே. அரசன் திக்கற்றான் என்பது பொருள். மாண்டான் என்பாரும் உளர்.

அரசனுக்கு வந்த ஆபத்தை நீக்காமல் ஆட்டம் நகராது. எனவே 'தடை' என்ற பொருள் பிறந்தது. தடுத்து நிறுத்தியவன் சோதித்துப் பார்ப்பானன்றோ? சரிபார்த்தலும் வந்து சேர்ந்தது. துணியிலுள்ள கட்டங்களோ பலகையின் கட்டங்களே.

12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசரின் அதிகாரிகள், கட்டமிட்ட துணி விரித்த மேசைமீது வில்லைகளை வைத்து வரிக்கணக்குப் பார்த்தனர். அதனால் அரச கருவூலம் 'எக்ஸ்செக்கர்' எனப்பட்டது. பிரித்தானிய நிதியமைச்சரின் பதவிப் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கின்றது.

காசோலையின் கதை பிந்தியது. மோசடியைத் தடுக்க வைத்துக்கொண்ட அடித்துண்டுக்கே 18ஆம் நூற்றாண்டில் இப்பெயர் வழங்கியது. பின்னர் அது பணம் பெறும் தாளுக்கும் ஏறிற்று. எக்ஸ்செக்கரைப் பார்த்து அதன் எழுத்தை மாற்றிக்கொண்டனர் பிரித்தானியர். நாமும் அவ்வாறே எழுதுகின்றோம். அமெரிக்கர் மாற்றவில்லை. அவர்களது உணவுச்சாலையிற் பரிசாரகர் 'செக்' கொண்டுவந்தால், பணம் வருகிறதென மகிழவேண்டா. அது நாம் செலுத்தவேண்டிய கணக்குச்சீட்டு!