ஒன்பதாவது தீவு

பூகோள வகுப்பில் ஹவாய்த் தீவுகளைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் கண் கொட்டாமல் கேட்பார்கள். பஸிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே நெருப்பைக் கக்கும் மலைகள்; குளிர்காலத்தில் பனி மூடும் மௌனா கீ சிகரம்; வருஷமெல்லாம் இளங்காற்று. பூலோக சுவர்க்கமென்றே சொல்லலாம்.

ஆனால் சுவர்க்கத்துக்கும் வாடகை உண்டல்லவா? 1959-ல் அமெரிக்காவின் ஐம்பதாவது மாகாணமான அத்தீவுகளுக்கு உணவில் பெரும் பகுதி கப்பலிலேயே வந்து சேருகிறது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே அமெரிக்காவில் கட்டிய கப்பல்களே சரக்கு ஏற்றலாமென்பது 1920-ஆம் வருஷத்துச் சட்டம். அந்தக் கூலியும் பண்டத்தின் விலையில் ஏறுகிறது. அழகை நாடி வரும் வெளியூர்த் தனவந்தர்களும் வீடுகளை வாங்குகிறார்கள். ஹொனலூலு நகரம் உள்ள ஓவாஹூ தீவில், நடுத்தரமான தனி வீடு ஒன்றின் விலையே 2021-ல் பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது.

விளைவு என்ன? 2020-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி, பூர்விக ஹவாய் வம்சத்தவரில் பாதிக்கு மேற்பட்டோர் தாயகத்துக்கு வெளியே வசிக்கின்றனர். பலர் சென்று குடியேறியது லாஸ் வேகாஸ் என்னும் பாலைவன நகரம். ஹவாயில் பெரிய தீவுகள் எட்டு. இந்நகருக்கு அவர்கள் இட்ட செல்லப் பெயர் ‘ஒன்பதாவது தீவு’!

போனவருக்கு வீடு கிடைத்தது, கடல் போயிற்று. இருப்பவருக்குக் கடல் இருக்கிறது. வீட்டு வாடகையை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. பிறந்த மண்ணின் அழகைக் குறித்துப் பெருமைப்படுவதா, பெருமூச்சு விடுவதா? இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள், பாவம்!