கெடு வைத்தால்தான் படிப்பு நகரும்

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைப்பவர்களை இணையவழிப் படிப்புக்கு இழுப்பது, 'எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்' என்ற வாக்குறுதி. பலரைக் கவிழ்ப்பதும் அதுதான். நாளைக்கு, அடுத்த வாரம், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போகும். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 'எட்எக்ஸ்' தளத்தில் நடத்திய பாடங்களை அலசிய ஆய்வு 2019இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்தைத் திறந்தே பார்க்கவில்லை. 2017-18இல் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் மட்டும் 46 சதவீதம் பேர் கரையேறினார்கள்.

சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய டேட்டா சயன்ஸ் பட்டப்படிப்பு வேறு வழியில் போகிறது. சேர ஜே.இ.இ. கட்டாயமில்லை, 4 வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். வீடியோக்களைப் பஸ்ஸிலோ, பிள்ளைகள் தூங்கிய பிறகோ பார்த்துக்கொள்ளலாம். வாராவாரம் தரும் அசைன்மெண்ட்டுக்குத்தான் கெடு உண்டு. பெரும்பாலான பாடங்களில் முதல் 7 அசைன்மெண்ட்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரி 40ஐத் தொட்டால்தான் இறுதித் தேர்வு எழுத விடுவார்கள். ஆக, இரண்டு வாரம் கோட்டைவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். நைட் ஷிஃப்டும் காய்ச்சலும் கல்யாண வீடும் தெரிந்தவர் யாரோ எழுதிய விதி இது. தேர்வை மட்டும் மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும்; வீட்டில் உட்கார்ந்து எழுதிய தேர்வுக்கு இல்லாத மதிப்பு இந்த மதிப்பெண்ணுக்குக் கிடைக்கிறது.

ஒரு பாடத்துக்கு வாரம் சுமார் 10 மணி நேரம் வேண்டும். ஒரு பருவத்தில் நான்கு பாடம்வரை எடுக்க வழியிருந்தாலும், எட்டு மணி நேர வேலையும் போக வர இரண்டு மணி நேரமும் உள்ளவர் இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆண்டுக்கு மூன்று பருவம் என்பதால், அடித்தளக் கட்டத்தின் 8 பாடங்களையும் அப்படி ஒன்றேகால் ஆண்டு சொச்சத்தில் முடிக்கலாம். எடுக்கும் பாடத்துக்கு மட்டுமே கட்டணம். நடுவில் விட்டால் டிப்ளமோவோ பி.எஸ்சி.யோ, முடித்த கட்டத்துக்குரிய சான்று கையில் இருக்கும்.

குறையும் இல்லாமல் இல்லை. வினாடிவினாத் தேர்வுகள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கின்றன. ஐ.டி. ஊழியருக்கு அது தோது. தி.நகர் துணிக்கடையில் வேலை பார்ப்பவருக்கோ அன்றைக்குத்தான் கூட்டம் அலைமோதும். முதலாளியிடம் லீவு கேட்க முடியாது.